என் உடம்புக்கு மட்டும் ஊரெல்லாம் டாக்டர்

எங்கள் தெருவில் யாருமே பெரிய ஆரோக்கிய சிகாமணி கிடையாது. எதிர் வீட்டு அண்ணனுக்குக் காலையில் பல் துலக்குவதற்கு முன்னாலேயே ஒரு சிகரெட் வேண்டும், மாடியில் குடியிருப்பவர் சனிக்கிழமை ராத்திரி ஆரம்பித்தால் ஞாயிறு மத்தியானம்தான் எழுந்திருப்பார், மூன்றாவது வீட்டுத் தம்பி உதட்டுக்குள் எதையோ அடக்கி வைத்துக்கொண்டுதான் பேசுவான், அவனுடைய அம்மா ராத்திரி ஒரு மணி வரைக்கும் போன் பார்த்துவிட்டு விடியற்காலையில் தண்ணீர் லாரிக்குக் குடம் தூக்குவார். நான் குண்டு. இத்தனை பேரில் அறிவுரை கிடைப்பது எனக்கு மட்டும்தான், அதுவும் மேலே சொன்ன அத்தனை பேரிடமிருந்தும்.

தண்டையார்பேட்டையிலிருந்து பாரிமுனைக்கு வேலைக்குப் போகிறவள் நான், கப்பல் சரக்கு கிளியரிங் ஆபீஸில் பில் போடும் வேலை. 2021 பிப்ரவரியில் மெட்ரோவை வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரைக்கும் நீட்டினார்களே, அதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் நேரம் இல்லை, அங்கே ஏறும்போது யாரும் என்னை மேலும் கீழும் அளப்பதில்லை. ஷேர் ஆட்டோவில் அந்த நிம்மதி கிடையாது. டோல்கேட் பக்கம் ஒரு நாள் ஏறப் போனேன், டிரைவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, நீ குந்துனா ரெண்டு ஆளு எடமாச்சே, டபுள் சார்ஜு குடுத்துருவியா?" என்றார். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் வாயில் ஹான்ஸ் புகையிலை, பேசி முடித்ததும் வெளியே எட்டித் துப்பினார், பின்னால் வந்த பைக்காரர் வளைத்து ஓட்டித் தப்பித்தார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமிருந்து முந்தின ராத்திரி சரக்கு வாடை குப்பென்று அடித்தது, ராயபுரம் வரைக்கும் என் தோளில் தூங்கிக்கொண்டு வந்தார். அவருக்கு ஒரு ஆள் சார்ஜுதான்.

இதைப் படித்துவிட்டு, "விடுங்க, கிண்டலுக்குச் சொன்னது" என்று சொல்லப் போகிறவர்களுக்கு: தெரியும். கிண்டலைக்கூட நான் தாங்கிக்கொள்வேன், நாங்கள் வளர்ந்த இடத்தில் கிண்டல் இல்லாமல் ஒரு வேளை சோறு இறங்காது. எனக்கு எரிச்சல் வருவது 'உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்' வகையறாவிடம். நல்லதுக்குச் சொல்கிறவர்கள் அந்த நல்லதை ஏன் மற்றவர்களுக்குச் சொல்வதில்லை என்பதுதான் என் கேள்வி.

டீக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். பொது இடத்தில் புகைபிடிக்க நாடு முழுக்கத் தடை வந்தது 2008 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில். அபராதம் 200 ரூபாய். எங்கள் முனைக் கடையில் அந்த 200 ரூபாயை யாரும் கட்டி நான் பார்த்ததில்லை, மாறாகக் கடைக்காரரே ஒரு கயிற்று நுனியில் நெருப்பு வைத்துத் தொங்கவிட்டிருக்கிறார், பற்றவைத்துக்கொள்ள வசதியாக. அங்கே நிற்கிறவர்களில் ஒருவர்கூட இன்னொருவரைப் பார்த்து "இத்தோட இது எத்தனையாவது?" என்று கேட்பதில்லை, கேட்டால் அது மரியாதைக் குறைவு. நான் போய் ஒரு டீயும் ஒரு பஜ்ஜியும் கேட்டால் போதும், "அக்காவுக்குச் சக்கரை கம்மியா போடுப்பா" என்று புகையை விட்டுக்கொண்டே ஒரு குரல் வரும். சிகரெட் பெட்டியில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்று 2016 முதல் சட்டம் இருக்கிறது, அந்தப் படத்தை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. என் மேல் எதுவும் ஒட்டவில்லை, ஆனாலும் எல்லாரும் எச்சரிக்கையைச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறார்கள்.

பாக்கு, குட்கா கதை இன்னும் வேடிக்கை. தமிழ்நாட்டில் குட்காவையும் பான் மசாலாவையும் 2013-இல் தடை செய்தார்கள். சந்துக்குள் இருக்கும் பெட்டிக்கடையில் பேப்பரில் சுருட்டிக் கைமாறுகிறது, எல்லாருக்கும் தெரியும், 'பையன் ஷிப்டு வேலை பாக்கறான், தூக்கம் வராம இருக்கப் போட்டுக்கறான்' என்று நியாயம் வேறு. சரி, அந்த நியாயத்தை நானும் ஒத்துக்கொள்கிறேன். கன்டெய்னர் லாரியில் எண்ணூர் ரோட்டில் மணிக்கணக்கில் க்யூவில் நிற்கிறவனுக்கு உடம்பு கேட்கும்தான். ஆனால் எட்டு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வீட்டுக்கு வந்து ஆறு பேருக்குச் சமைத்து, மிச்சம் இருக்கிற சோற்றைக் கொட்ட மனசு வராமல் ரசம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறவளுக்கு மட்டும் ஏன் நியாயம் கிடைப்பதில்லை, அவளுக்கு ஏன் 'வாயைக் கட்ட முடியல' என்று ஒரே வரியில் தீர்ப்பு?

சாராயத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 2003-இலிருந்து அரசாங்கமே கடை போட்டு விற்கிறது, நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு என்று எழுதியும் விற்கிறது.

கல்யாணப் பேச்சில்தான் இது அப்பட்டமாகத் தெரியும். என் சித்தி மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த கதையைச் சொல்கிறேன். அவள் பி.காம்., கொஞ்சம் பூசினாற்போல இருப்பாள், ஓடியாடி வேலை செய்வாள், ரத்த அழுத்தம் சர்க்கரை ஒன்றும் கிடையாது. புரோக்கர் முதலிலேயே, "முழு போட்டோ வேணாம்மா, தோளுக்கு மேல மட்டும் குடுங்க" என்று சொல்லிவிட்டார். பையன் வீட்டார் வந்தார்கள். பையன் குடிப்பாரா என்று என் சித்தப்பா தயங்கித் தயங்கிக் கேட்டதற்குப் பையனின் மாமா சிரித்துக்கொண்டே, "எப்பனா பிரண்ட்ஸுங்களோட, விசேஷம்னா. இந்தக் காலத்துல குடிக்காதவன் யாரு?" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது, கேசரித் தட்டு நகர்ந்தது. அடுத்து அவர்கள் வீட்டு அம்மா என் சித்தியைத் தனியாக அழைத்து, "பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடியே இப்படின்னா, குழந்தை பொறந்தா எப்படி ஆவாளோ" என்று இழுத்தார், அந்த இழுவை கடைசியில் ஐந்து சவரனில் போய் நின்றது. கல்லீரலுக்குத் தள்ளுபடி, இடுப்புக்கு அபராதம். சித்தப்பாவுக்கு ரோஷம் வந்து அந்த இடம் வேண்டாமென்று சொல்லிவிட்டார், அது எங்கள் அதிர்ஷ்டம். ஆனால் அடுத்து வந்த இடத்திலும் அதே தோளுக்கு மேல போட்டோதான் கேட்டார்கள்.

இப்படிப் பேசுகிறவர்கள் நாங்கள் ஏதோ ஊருக்கு ஒரு ஆள் இருப்பதுபோல் பேசுகிறார்கள். 2019-21-இல் எடுத்த தேசிய குடும்பநல ஆய்வைப் பாருங்கள், தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் கணக்கில் வருகிறார்கள், ஆண்களில் 37 சதவீதம். அதே ஆய்வில் குடிக்கிற ஆண்கள் கிட்டத்தட்ட நாலில் ஒருவர், புகையிலை பயன்படுத்துகிறவர்கள் ஐந்தில் ஒருவர். அதாவது சிகரெட்டையும் சரக்கையும்விட இதுதான் நம் வீடுகளில் அதிகம். இருந்தும் அறிவுரை சொல்ல வருகிற அண்ணனின் சொந்தத் தொப்பை கணக்கில் வருவதே கிடையாது. ஆம்பிளைத் தொப்பைக்கு நம் ஊரில் 'செழிப்பு' என்று வேறு மார்க் விழுகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குண்டாக இருப்பது நல்லது என்று நான் எங்கும் வாதாடவில்லை. எனக்கே பி.பி. மாத்திரை ஓடுகிறது, முட்டி மடக்கினால் சத்தம் வருகிறது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மூட்டுத் தேய்மானம், தூக்கத்தில் மூச்சடைப்பு, சில வகைப் புற்றுநோய் என்று எடை இழுத்துக்கொண்டு வரும் பட்டியல் நீளம். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 2021-இல் அதிக எடையால் வந்த நோய்களில் இறந்தவர்கள் சுமார் 37 லட்சம் பேர். அதே நிறுவனம் மது தொடர்பான சாவுகளை 2019-க்கு 26 லட்சம் என்கிறது, புகையிலைக்கு வருஷத்துக்கு 70 லட்சத்துக்கு மேல், அதில் தான் புகைக்காமல் அடுத்தவர் விட்ட புகையிலேயே போய்ச் சேர்ந்தவர்கள் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேலே. எதுவுமே சின்னதில்லை. ஆனால் என் கொழுப்பு பக்கத்து சீட்காரருக்கு ஒட்டாது, என்னால் யாரும் நடுராத்திரியில் பைக்கை விட்டுக் கீழே விழமாட்டார்கள், சம்பளப் பணத்தைத் தொலைத்துவிட்டு வந்து யாரும் பெண்டாட்டியை அடிக்கமாட்டார்கள். அப்படியிருந்தும் தெருவே கூடிக் கவலைப்படுவது என் ஒருத்தியைப் பற்றித்தான் என்றால், அந்தக் கவலைக்கு ஆரோக்கியம் காரணமாக இருக்க முடியாது.

இதற்குச் சரியான உதாரணம் எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. நல்ல வாட்டசாட்டமானவர். ஒரு கோடையில் மளமளவென்று இளைத்தார், ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. தெருவே கொண்டாடியது. "இன்னாமா சாப்புட்ற, எங்களுக்கும் சொல்லேன்" என்று பெண்கள் எல்லாம் போய்க் கேட்டார்கள், கோயிலில் பார்த்தவர்கள் வயசே தெரியவில்லை என்றார்கள், அவருக்கும் பெருமைதான். ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து தண்ணீர் குடிக்கிறேன், கால் மரத்துப்போகிறது என்று அவர் சொன்னதை மட்டும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கால் விரலில் ஒரு புண் வந்து ஆறாமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோது சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. ஒரு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அவர் குண்டாக இருந்தபோது தெருவில் ஐம்பது டாக்டர்கள் இருந்தார்கள், நிஜமாகவே நோய் வந்து உருகியபோது ஒரு டாக்டரையும் காணோம். டிபியிலும் இதே கூத்து உண்டு, காரணமில்லாமல் எடை குறைவது அதன் முக்கியமான அறிகுறிகளில் ஒன்று, ஆனால் இளைத்தவரை நிறுத்தி இருமல் இருக்கா, சாயங்காலம் காய்ச்சல் வருதா என்று நம் ஆட்கள் கேட்பதில்லை, 'சூப்பரா ஆயிட்ட' என்கிறார்கள்.

படித்த டாக்டர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. எனக்கு மாதவிலக்கு நாட்களில் உதிரப்போக்கு தாங்க முடியாமல், படி ஏறினால் கண் இருட்டிக்கொண்டு வரும் நிலைமை. ஒரு கிளினிக்கில் காட்டினேன். உட்காருவதற்குள்ளேயே, "வெயிட் எவ்வளவு?" என்றார் அந்த அம்மா. சொன்னேன். "முதல்ல பத்து கிலோ குறைச்சிட்டு வாங்க, எல்லாம் சரியாகிடும்." வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை, ரத்தம் எடுக்கவில்லை, சீட்டில் வாக்கிங் என்று எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தார். சில மாதம் கழித்து வேறு இடத்தில் ஸ்கேன் பார்த்தபோதுதான் கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி என்று தெரிந்தது, ஹீமோகுளோபின் ஏழுக்கு வந்திருந்தது. ஏழில் வைத்துக்கொண்டு வாக்கிங் போயிருந்தால் ரோட்டிலேயே விழுந்திருப்பேன். அதே கிளினிக்கில் என் மாமா இருமலுக்குப் போயிருக்கிறார், முப்பது வருஷ பீடி. அவருக்கு எக்ஸ்ரே எழுதினார்கள், சளிக்கு மாத்திரை கொடுத்தார்கள், கடைசியில் சிரித்த முகத்தோடு "கொஞ்சம் கொறைச்சுக்கோங்க ஐயா" என்றார்கள். பீடியை விட்டுவிட்டு வா, அப்புறம்தான் மருந்து என்று அவரைத் திருப்பி அனுப்பவில்லை. அனுப்பியிருக்கவும் கூடாது.

இது எங்கள் ஏரியா மட்டும் என்று நினைக்க வேண்டாம். செகந்திராபாத்தில் பிறந்து ஹார்வர்டில் வேலை செய்யும் மஹ்சரின் பானாஜியும் டெஸ்ஸா சார்ல்ஸ்வொர்த்தும் 2019-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 2007 முதல் 2016 வரை 44 லட்சம் சோதனைகளை வைத்து, மக்கள் மனசுக்குள் ஒளிந்திருக்கும் வெறுப்பு எப்படி மாறுகிறது என்று பார்த்தார்கள். ஓரினச் சேர்க்கையாளர்கள் மேலும் கறுப்பர்கள் மேலும் இருந்த உள்மன வெறுப்பு குறைந்திருந்தது. குண்டானவர்கள் மேல் இருந்தது மட்டும் கூடியிருந்தது. ஏன் என்பதற்கு ஆராய்ச்சிக்காரர்கள் ஆயிரம் சொல்லலாம், எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: இது நீயே தேடிக்கொண்டது என்று எல்லாரும் நம்புகிறார்கள். குடிகாரனைக்கூட 'கூடா நட்பு', 'வேலை டென்ஷன்', 'காதல் தோல்வி' என்று யாராவது கெடுத்திருப்பார்கள். என்னை நானே கெடுத்துக்கொண்டேனாம்.

உடம்பு அப்படி நாம் சொன்னதைக் கேட்கிற ஜந்துவாக இருந்தால் நன்றாகத்தான் இருக்கும். கொழுப்புத் திசுவிலிருந்து மூளைக்கு 'போதும்' என்று தகவல் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்ததே 1994-இல்தான். எடை குறைந்தால் அந்த ஹார்மோனும் குறையும், மூளை ஏதோ பஞ்சம் வந்துவிட்டது என்று பசியைக் கூட்டிவிடும், செலவழிக்கும் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் டிவி போட்டிக்காக மூச்சைப் பிடித்து எடை குறைத்த 14 பேரை ஆறு வருஷம் கழித்துப் பார்த்த ஆய்வு 2016-இல் வந்தது. பெரும்பாலானவர்களுக்குப் போன எடையில் நிறைய திரும்பி வந்திருந்தது, சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு எரிக்கும் சக்தி எதிர்பார்த்ததைவிடத் தினமும் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. ஆறு வருஷம் கழித்தும்! இதைச் சொன்னால் சாக்குப்போக்கு என்கிறார்கள். நிகோட்டின் மூளையைப் பிடித்துக்கொள்கிறது, அவனால் விட முடியாது என்றால் மட்டும் அது அறிவியல்.

எங்கள் அடுப்பையும் பாருங்கள். ரேஷனில் அரிசி இலவசம், 2011-இலிருந்து. பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அதை நான் குறை சொல்லமாட்டேன், அந்த அரிசி இல்லாவிட்டால் இங்கே பாதி வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால் அதைத்தான் சாப்பிட முடியும், அதில்தான் பொரிக்க முடியும். சிறுதானியம், ஆலிவ் எண்ணெய், கையளவு பாதாம் என்று டிவியில் சொல்கிற அம்மாவுக்கு எங்கள் மாச பட்ஜெட் தெரியாது. நடக்கலாம் என்றால் எங்கே நடப்பது? தெரு அகலம் ஒரு ஆட்டோ, அதில் பாதி பைக். மெயின் ரோட்டில் கன்டெய்னர் லாரி. பிளாட்பாரம் இருக்கிற இடத்தில் கடை, கடை இல்லாத இடத்தில் டிரான்ஸ்பார்மர். காற்று ஆலைகள் இருக்கிற எண்ணூர் பக்கமிருந்து வந்தால் மூச்சை இழுக்கவே யோசிக்க வேண்டும். இதையெல்லாம் மீறி ஒரு குண்டுப் பொம்பளை ஷூ போட்டுக்கொண்டு இறங்கினால், "தே பார்ரா, ரோடு தாங்குமா" என்று ஒரு சத்தம் வரும். உட்கார்ந்தால் சோம்பேறி, நடந்தால் காமெடி.

சினிமாவும் நம்மை இப்படித்தான் பழக்கியது. கல்யாணம் என்கிற நடிகருக்குக் குண்டு கல்யாணம் என்றே பெயர் நிலைத்தது, இந்தப் பக்கம் ஓமக்குச்சி நரசிம்மன். ஒல்லியையும் விடவில்லை, அந்த விஷயத்தில் நியாயஸ்தர்கள். ஹீரோ சிகரெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடித்தால் விசில், ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு எச்சரிக்கை. குண்டுப் பெண் ஓடிவந்தால் பூமி அதிர்கிற சத்தத்தைச் சேர்க்கிறார்கள், அதற்கு எச்சரிக்கை எதுவும் கிடையாது.

இப்போது எடை குறைக்கப் புதிதாக ஊசி வந்திருக்கிறது. மவுன்ஜாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது, வாரம் ஒரு ஊசி, வந்த புதிதில் ஆரம்ப டோஸ் 3,500 ரூபாய், மாசத்துக்கு 14,000. எங்கள் ஆபீஸில் என்னைவிடச் சம்பளம் அதிகமுள்ள ஒருவர் டாக்டர் சொல்லிப் போட்டுக்கொள்கிறார், நன்றாகவே குறைந்திருக்கிறார், சர்க்கரையும் கட்டுக்குள் வந்திருக்கிறது. இத்தனை நாள் 'கொறைங்க சார்' என்று உயிரை வாங்கியவர்கள் இப்போது, "ஊசி போட்டுக் கொறைச்சதெல்லாம் ஒரு கொறைப்பா, கஷ்டப்பட்டுக் கொறைக்கணும்" என்கிறார்கள். நிகோட்டின் சூயிங்கம் மென்று சிகரெட்டை விட்டவரிடம் போய் யாராவது இப்படிச் சொல்வார்களா? அவருக்குக் கைகொடுத்தோம், டீ வாங்கிக் கொடுத்தோம். அதாவது ஆரோக்கியம் வந்தால் மட்டும் போதாதாம், நாங்கள் கஷ்டப்படுவதையும் அவர்கள் பார்க்க வேண்டுமாம்.

நான் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் நடக்கிறேன். பி.பி.க்காக, மூட்டுக்காக, கொஞ்சம் எனக்கே எனக்கென்று ஒரு அரை மணி நேரத்துக்காக. திமுகவை ஆரம்பித்த பூங்கா, 1949-இல், அந்தப் பெருமையெல்லாம் எனக்கு ஐந்தரை மணிக்கு ஞாபகம் வராது. அக்கறையாக அறிவுரை சொல்கிற எல்லாரையும் இப்போதெல்லாம், "சரி, நீயும் வா, சேர்ந்து நடப்போம்" என்று கூப்பிட்டுவிடுகிறேன், அத்தோடு முக்கால்வாசிப் பேர் அடங்கிவிடுகிறார்கள். பீடி மாமா மட்டும் வீம்புக்கு வந்தார். ஒரு ரவுண்டு முடிவதற்குள் மூச்சு வாங்கி, இருமி, மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, கடைசியில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார், நெஞ்சைத் தடவிக்கொண்டார். அப்புறம் சொல்கிறார், "நீ இன்னாத்துக்கு நின்னுட்ட? போ, போய் இன்னும் ரெண்டு ரவுண்டு சுத்திட்டு வா, அப்பதான் ஒடம்பு கரையும்."